“எல்லாம் நார்மல்” என்று வந்த முழங்கால் வலி

நான் பிசியோதெரபிஸ்ட். மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகிறவர்களைப் பற்றித் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

16 வயதுப் பெண். 2 வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எதிலும் குறை இல்லை. தொடை இறுக்கமாக இருக்கிறது என்றாள், ஸ்ட்ரெச்சிங் கொடுத்தேன். மூன்று வாரத்தில் வலி கூடியது. அவளோ ஒரு நாள் விடாமல் செய்திருந்தாள். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

அடுத்த முறை ஒரு படிவம் நிரப்பினாள். பேனாவை அழுத்தியதில் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு பின்பக்கமாக வளைந்து நின்றது. நாலு வரி எழுதிவிட்டுக் கையை உதறினாள். உடனே பெய்ட்டன் சோதனை செய்தேன், மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்று 9 மதிப்பெண்ணுக்குப் பார்ப்பது. சுண்டுவிரல்கள் 90 டிகிரி தாண்டிப் பின்னால் போயின, கட்டைவிரல்கள் முன்கையைத் தொட்டன, முழங்கால்கள் பின்னோக்கி வளைந்தன, காலை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தாள். இடது முழங்கை மட்டும்தான் அடங்கி இருந்தது. 9-க்கு 8. அவள் வயதுக்கு 5 வந்தாலே கவனிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, முதல் நாளே செய்திருக்கலாம்.

தளர்ந்த மூட்டைத் தாங்கத் தசை ஓயாமல் உழைப்பதால் வரும் இறுக்கம் அது. ஸ்ட்ரெச்சிங்கை நிறுத்தினோம். முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொள்ளாமல் நிற்கப் பழக்கினேன். அப்புறம் தொடைக்கும் இடுப்புக்கும் பலம் கூட்டும் பயிற்சி, மிக மெதுவாக. நாலைந்து மாதம் ஆனது. இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் படியேறுகிறாள்.

பதில்:
எனக்கு 52 வயது. இப்போது குனிந்தால் விரல் நுனிகூடத் தரையைத் தொடாது, மதிப்பெண் 3தான். ஆனால் ஒரு டாக்டர், “சின்ன வயதில் உடம்பை வளைத்து வேடிக்கை காட்டுவீர்களா? தோளோ முழங்கால் சில்லோ ஒரு தடவைக்கு மேல் நழுவியிருக்கிறதா?” என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம். அப்படியானால் எனக்கும் இதே வளையும் உடல்வாகுதான் என்றார். பல் பிடுங்கும்போது எனக்கு மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது, பயம் என்பார்கள். இந்த உடல்வாகுள்ள சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்று அவர் சொன்னதும் அழுதுவிட்டேன்.

பதில்:
பொது மருத்துவராக ஒன்று சேர்க்கிறேன். வளைகிற எல்லோரும் நோயாளிகள் இல்லை. ஆனால் குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் ரத்தக்குழாய் கிழிந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். ஆமாம் என்றால் மரபியல் மருத்துவரிடம் அனுப்பத் தயங்காதீர்கள். இப்படி வளைகிறவர் எழுந்து நின்றால் படபடப்பு என்று சொன்னால், படுத்தபடி ஒரு தடவை, நிற்க வைத்து 10 நிமிடம் வரை நாடியை எண்ணுங்கள். என்னிடம் வந்த ஒரு இளைஞருக்குப் படுத்திருந்தபோது 72 இருந்தது, நின்றதும் 118 ஆனது. அதுவரை அவருக்குப் பதற்றத்துக்கான மாத்திரைதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.