புதுப்பிப்பு: கோல்டன்ஐ 007 ஃபெசிலிட்டி, 2:05-க்குள் முடிந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. நின்டெண்டோ 64 கருவியில் ஆடும் கோல்டன்ஐ 007 வீடியோ கேமில், ஃபெசிலிட்டி என்ற கட்டத்தைக் கடினமான 00 ஏஜென்ட் நிலையில் 2 நிமிடம் 5 நொடிக்குள் முடித்து 'சாகாவரம்' என்ற சீட்டை (cheat, ஆட்டத்தை எளிதாக்கும் சலுகை) திறப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். நேற்று 2:03.

பெரிதும் கைகொடுத்தது குறுக்காக ஓடும் யோசனைதான். ஸ்டிக்கை முன்னே தள்ளிக்கொண்டே பக்கவாட்டு சி பொத்தானையும் அழுத்திப் பிடித்தால் நேராக ஓடுவதைவிட வேகம் கூடுகிறது. நண்டு மாதிரி ஓடுவது முதலில் சுவரில்தான் கொண்டுபோய் முட்டும், பழகிவிடும். தரையைப் பார்த்தபடி ஓடச் சொன்னதும் சரியே. திரையில் வரைய வேண்டியது குறைவதால் ஆட்டம் திணறுவதில்லை.

இந்தக் கட்டத்தில் சந்தித்தே ஆக வேண்டிய டாக்டர் டோக் என்ற பாத்திரத்தின் விஷயத்தில் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்பார். வழியில் இல்லையென்றால் தேடி அலையாமல் மறுபடி தொடங்குங்கள். (இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் டோக்கின் பெயர்தான் அது. 1997-இலிருந்து எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பாரோ!)

நான் எதிர்பார்க்காதது ஒன்று: தகர்க்க வேண்டிய தொட்டிகளில் ரிமோட் கண்ணிவெடிகளை ஒட்டியபின், அவற்றை வெடிக்கவைக்கும் கைக்கடிகாரத்துக்கு மாறவே வேண்டாம். ஏ, பி இரண்டையும் சேர்த்து அழுத்தினாலே வெடிக்கும். இத்தனை வருடம் ஆடியும் இது எனக்குத் தெரியாது. கடைசி நொடிகள் மிஞ்சியது இதனால்தான்.

பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தும் குறியீட்டாலும் சாகாவரம் பெறலாம் என்றார் ஒருவர். உண்மைதான், ஆனால் ஆடி ஜெயிக்கத்தான் எனக்கு ஆசை.

அப்புறம், சீட் போட்டு முடிக்கும் கட்டங்கள் கணக்கில் சேராது.