புதுப்பிப்பு: சூட்டுக்கோலால் தூங்குமூஞ்சி மரம்

மரப்பலகையைச் சூடான கோலால் கருக்கி வரையும் சூட்டு ஓவியமாகத் தூங்குமூஞ்சி மரம் போடும்போது இலைகளை எப்படிக் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. இலையை விடுங்க, நிழலைப் போடுங்க என்று ஓர் அண்ணன் எழுதியதுதான் கைகொடுத்தது. சூட்டைக் குறைத்து, சூட்டுக்கோலின் உருண்டை முனையால் இலைக்கொத்தின் அடிப்பக்கம் புள்ளிகளை நெருக்கி வைத்து, மேலே போகப் போக இடைவெளி விட்டால் வெயில் விழுவது தானாகவே தெரிகிறது.

அப்புறம் தெம்புசு. சிங்கப்பூர் ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கம் இருக்கிறதே, தாவரவியல் பூங்காவில் கிளை தாழ்ந்து படுத்திருக்கும் அதே மரம். இலையைவிடப் பட்டைதான் எனக்குப் பிடித்த பகுதி: நெடுக்காக ஆழமாய் வெடித்திருக்கும், கோலின் கத்தி வடிவ முனையால் இழுக்க அருமையாக வருகிறது. முனை பலகையைத் தொடும் முன்பே கை நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கோடு தொடங்கும் இடத்தில் கருந்திட்டு விழும். பைன் பலகையில் கடினமான ரேகையும் மென்மையான ரேகையும் மாறி மாறி வருவதால் கோடு குதிக்கிறது, ரேகை அதிகம் தெரியாத பாஸ்வுட் பலகை எவ்வளவோ மேல்.

புகைக்கு மின்விசிறியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். முனைமேல் காற்றடித்தால் சூடு இறங்கிவிடும். அடுத்து ஆலம் விழுது, யாராவது போட்டிருந்தால் படம் காட்டுங்கள்.