மறு: பாசிஃப்ளோராவுக்குத் தமிழ்: வேட்கையா, பாடா?

> "வேட்கைப்பூ" எப்படி?

அன்பர்களே,

வேட்கை வேண்டவே வேண்டாம். பாசிஃப்ளோரா என்பது பேஷன் பழக்கொடியின் பேரினம்; ஆங்கிலத்தில் "பேஷன் ஃப்ளவர்" (passion flower). இந்தப் பேஷனுக்கும் மோகத்துக்கும் தொடர்பில்லை. லத்தீன் மூலச் சொல்லுக்குப் பொருள் துன்பம். இங்கே இயேசு பட்ட பாடு. தென் அமெரிக்காவுக்குப் போன ஸ்பானியப் பாதிரிமார் சிலுவைக் கதை முழுவதையும் ஒரே பூவில் கண்டார்கள்: சூலகமுடி மூன்றும் ஆணிகள், மகரந்தப்பை ஐந்தும் காயங்கள், இழைவட்டம் முள்முடி, பற்றுக்கம்பி சாட்டை. அல்லியும் புல்லியுமாகப் பத்து இதழ்கள் அப்போஸ்தலர்கள். பன்னிருவர் ஆயிற்றே என்றால், யூதாசையும் பேதுருவையும் கழித்துவிடுவார்கள்! 1610-இல் ரோமில் ஜாக்கோமோ போசியோ இதை நூலில் ஏற்றினார். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பேரினப் பெயராக்கினார்.

கிறித்தவத் தமிழில் "திருப்பாடுகள்" ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் பூவோடு ஒட்டமாட்டேன் என்கிறது. பாடு + பூ, புணர்ந்தால் பாட்டுப்பூ, கச்சேரிக்குப் போய்விடும். பாடுமலர் என்றால் வினைத்தொகையாகி மலரே பாடத் தொடங்கும். "முள்முடிப்பூ" என்றால் தொட்டியில் வளர்க்கும் கிறிஸ்துமுள் செடியோடு குழப்பம். ஜப்பானியர் கதையைத் தொடாமல் "கடிகாரச் செடி" என்று வைத்துக்கொண்டார்கள். பார்த்தால் முகப்பும் முள்ளுமாக அப்படித்தான் இருக்கிறது.

என் முன்மொழிவு: இழைமுடிக்கொடி. இழைவட்டம்தான் இந்தப் பேரினத்தைச் சட்டென்று காட்டிக்கொடுப்பது. முள்முடியின் சாயலும் கொஞ்சம் மிஞ்சும்.

> எங்கட ஊரில் கொடித்தோடை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அதை விட்டுப்போட்டு ஏன் புதுச்சொல்?

பேஷன் பழத்துக்கு அதை விடவே கூடாது. இலங்கைத் தமிழில் தோடை என்றால் ஆரஞ்சு என்பது தெரியாத தமிழகத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம்; கொடைக்கானல் பக்கத்துத் "தாட்பூட் பழ"த்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் பேரினத்தில் சுமார் 500 இனங்கள். நம் வேலியோரச் சிறுபூனைக்காலியும் அதில் ஒன்று. அதன் நாறும் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "தோடை" என்று உங்களால் சொல்ல முடியுமா?

> முடி என்றால் தலைமயிர் என்றுதானே இப்போது நினைப்பார்கள்?

நினைக்கட்டுமே. நீல இனத்தின் பூவை நேரில் பாருங்கள், எண்ணெய் வைக்காத தலை மாதிரிதான் இருக்கும். இழைவட்டத்தின் தாவரவியல் பெயரை அப்படியே "கொரோனா" என்று எழுதினால் நினைப்பதைவிட இது பரவாயில்லை.