ஈயமில்லாப் பெட்ரோலில் பழைய கார்கள்: குமரி மாவட்டத்து அனுபவங்கள்

நாகர்கோவில் – அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல்

பழைய கார் வாங்க விரும்பும் இளைஞர்கள் இன்றும் கேட்கும் முதற்கேள்வி, ஈயம் கலக்காத பெட்ரோலில் இந்த எஞ்சின் கெட்டுப்போகாதா என்பதுதான். நம் நாட்டில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் அறிமுகமானது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அது மட்டுமே விற்கப்படுகிறது. ஆகவே வடசேரியிலோ தக்கலையிலோ இன்று கண்ணில் படும் எந்தப் பெட்ரோல் அம்பாசடரும் கால் நூற்றாண்டாக ஈயமின்றியே ஓடிவருகிறது. இதையே ஆதாரமாகக் காட்டி "ஒன்றும் ஆகாது" என்று முடித்துவிடுவோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது. வால்வு அமரும் சீட் தனி வளையமாக அன்றி, அந்த இரும்பிலேயே நேரடியாகக் கடைந்து எடுக்கப்பட்டது. எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு செந்தழலாய்ச் சூடேறி அந்த இரும்பின்மேல் வினாடிக்குப் பல முறை வந்து அமரும்போது, இரும்பின் நுண்துகள்கள் வால்வின் முகத்தில் ஒட்டிப் பிய்ந்து வருகின்றன. ஒட்டிய துகள்கள் பிறகு அரத்தைப்போல் சீட்டைத் தேய்க்கின்றன. முன்பு பெட்ரோலில் இருந்த ஈயம் எரிந்து, சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து இந்த ஒட்டுதலைத் தடுத்தது. அந்தப் படலம் இல்லாத நிலையில் வால்வு சிறிது சிறிதாக ஹெட்டுக்குள் மேலேறிப் புதைகிறது.

ஆனால் இந்தத் தேய்மானம் எல்லா ஓட்டத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரையிலான நெரிசலில் எந்த அம்பாசடரும் நெடுநேரம் உயர் சுழற்சியில் ஓட வாய்ப்பில்லை. அங்கே கிளட்சைப் பற்றிக் கவலைப்படலாம், வால்வு சீட்டைப் பற்றி வேண்டாம். திருநெல்வேலி நான்குவழிச் சாலையின் கதை வேறு. குறிப்பாக ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று நேர் முகத்தில் அறைகிறது. முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்றை எதிர்த்து, ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே வரும் வண்டியில்தான் சீட் தேய்கிறது.

என் வண்டியில் நான் கடைப்பிடிப்பது ஒன்றே ஒன்று: டேப்பட் இடைவெளியை (வால்வின் முனைக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையிலான சிறு வெளியை) ஒவ்வொரு முறையும் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடு வைத்து அளந்து, சரிசெய்வதற்கு முன்பிருந்த அளவை நோட்டில் எழுதிவைப்பது. வால்வை இயக்கும் ராக்கரும் புஷ்ராடும் தேய்ந்தால் இடைவெளி கூடும், டேப்பட் சத்தமும் கூடும். சீட் தேய்ந்து வால்வு மேலேறினாலோ இடைவெளி குறையும், சத்தமும் அடங்கிப்போகும். வண்டி இனிமையாக ஓடுகிறது என்று மகிழும் நேரம் அதுவாக இருக்கலாம். இடைவெளி அறவே இல்லாமற்போனால் வால்வு முழுதாக மூடாமல், கம்ப்ரஷன் இறங்கி, வால்வின் விளிம்பு எரிந்துவிடும். ஆகவே எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளி தொடர்ந்து குறைந்துகொண்டே வருகிறதா என்பதே பார்க்கவேண்டியது. என் நோட்டின்படி, ஊருக்குள் ஓடிய காலங்களில் மாற்றம் ஏதும் இல்லை. நெடுஞ்சாலைப் பயணம் அதிகமாக இருந்த பருவத்தில் மூன்றாம் சிலிண்டரில் மட்டும் குறைவு தெரிந்தது.

மார்த்தாண்டம் – பிரீமியர் பத்மினி

நாகர்கோவில் அண்ணாச்சி சொன்னது அம்பாசடருக்குப் பொருந்தும். பத்மினி வைத்திருப்போர் இதற்காக உறக்கம் இழக்க வேண்டியதில்லை. இதன் ஹெட் அலுமினியம் என்பதால் சீட்டுகள் தொடக்கத்திலிருந்தே கடின உலோகத்தாலான தனி வளையங்களாகப் பதிக்கப்பட்டவை. மாருதி 800-க்கும் இதுவே. உண்மையில் ஈயம் போனதால் எங்களுக்கு நன்மையே விளைந்தது: பிளக்குகளில் சாம்பல் நிறப் படிவு நின்றது, சைலன்சரும் கூடுதல் காலம் உழைக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடலோர ஊர்களில் வெளியிணைப்பு எஞ்சின் படகுகளுக்காக மண்ணெண்ணெய் புழங்குவதால், "பழைய எஞ்சினுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் வால்வுக்கு வழவழப்பு" என்னும் யோசனை எனக்கும் ஒரு திருமண வீட்டில் வழங்கப்பட்டது. மண்ணெண்ணெய், தட்டலைத் தாங்கும் அளவான ஆக்டேன் மதிப்பைக் குறைக்கும், எஞ்சின் தட்டும், எரியாத பகுதி ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். ஈயம் செய்த வேலையை அது எவ்வகையிலும் செய்யாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான 2டி ஆயில் கலப்பதும் சீட்டுக்குப் பயன் தராது.

திங்கள்சந்தை – லேத் வேலை, பல ஆண்டுகள் ஹெட் வேலை பார்த்தவன்

என்னிடம் ஹெட்டைக் கொண்டுவருபவர்களில் சிலர், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல எஞ்சினை "முன்னெச்சரிக்கைக்காக" அவிழ்த்து எடுத்து வருகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதே என் வழக்கம். வேறு காரணத்துக்காக ஹெட்டை இறக்கும்போது கடின உலோக வளையமான கடினச் சீட்டைப் போட்டுக்கொண்டால் போதும். அதுவும் எக்ஸாஸ்ட் பக்கம் நான்கு மட்டும். உள்ளே வரும் குளிர்ந்த கலவையால் இன்லெட் சீட்டுகளுக்கு இந்த நோய் பெரும்பாலும் வருவதில்லை.

வேலையில் கவனிக்க வேண்டியது, வளையத்துக்கான பள்ளம் கடைவதற்கு முன், வால்வின் தண்டு ஏறியிறங்கும் குழாயான கைடைச் சரிபார்ப்பது. கைடு தேய்ந்திருந்தால் அதை மையமாகப் பிடித்துக் கடையும் பள்ளமும் கோணலாகும். புதுச் சீட்டில் வால்வு ஒரு பக்கம் மட்டுமே அமரும். இரண்டாவது, இரண்டு வால்வுகளுக்கு இடையிலான பாலத்தில் விரிசல் இருக்கிறதா என்பது. அம்பாசடர் ஹெட்டில் அந்த இடம் ஒடுக்கமானது, பின்னால் தண்ணீர்ப் பாதையும் உண்டு. விரிசல் கண்ட ஹெட்டில் வளையம் இறக்குவது வீண் செலவு. மூன்றாவது, வளையம் பள்ளத்தில் இறுக்கமாக அமர வேண்டும். தளர்ந்த வளையம் சூட்டில் கழன்று பிஸ்டன்மேல் விழுந்தால் எஞ்சினே போய்விடும். கடினச் சீட் போடும்போது எக்ஸாஸ்ட் வால்வையும் அதற்குத் தாங்கும் தரத்தில் மாற்றிவிட வேண்டும்.

ஈயத்துக்குப் பதிலாகப் பெட்ரோலில் ஊற்றும் மருந்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பொட்டாசியம் அல்லது மாங்கனீசு சேர்மம் உள்ளவை ஓரளவு படலம் தரும். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் அளவு தவறாமல் ஊற்றினால்தான் பயன். இரண்டு வகைகளை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. மாதம் ஒருமுறை சந்தைக்கு மட்டும் போய்வரும் வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

குளச்சல் – ஸ்டாண்டர்ட் ஹெரால்டு

ஹெரால்டுக்கும் வார்ப்பிரும்பு ஹெட்தான். ஆயினும் எனக்கு ஈயத்தைவிடப் பெரிய தலைவலி இப்போது எத்தனால். 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாகப் பரவி, இன்று நம் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குகளிலும் அதுவே கிடைக்கிறது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், அதே கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) வழியாக வரும் கலவை நீர்த்துப்போகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறைகிறது. புதிய கார்களில் கணினி இதை ஈடுசெய்துகொள்ளும்; கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கலவை நீர்த்தால் எக்ஸாஸ்ட் வால்வின் சூடு ஏறலாம், அந்தச் சூடே மேலே பேசிய சீட் தேய்மானத்தையும் விரைவுபடுத்தும். ஆகவே இரண்டையும் தனித்தனிச் சிக்கல்களாகப் பார்ப்பது சரியன்று. என் மெக்கானிக் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிய பிறகு, ஓட்டத்தின்போது ஏற்பட்ட தடுமாற்றம் நின்றது. பிளக்கின் வெண்மையும் இளம்பழுப்பாக மாறியது.

பழைய ரப்பர் ஹோஸ்களையும் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் ஏசி பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்து மென்மையாக்கிவிடும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிவதைவிட வால்வு தேய்வது எவ்வளவோ மேல் என்பதால், ஹோஸ்களைத்தான் முதலில் மாற்றினேன். நம் கடலோர ஈரத்தில், இரண்டு பருவமழைக்கும் இடையே வண்டியை நிறுத்தி வைப்போர் டேங்கை அரைகுறையாக விடாமல் இருப்பது நல்லது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் மிகுந்தால் அது பிரிந்து அடியில் தங்கி, இரும்பு டேங்கைத் துருவேற்றும். மாதக்கணக்கில் ஓடாத வண்டியானால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடலாம். ஹோஸ் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் தரமா என்று கேட்டு, ஃபியூயல் இஞ்செக்ஷன் வண்டிகளுக்கான ஹோஸையே பார்த்து எடுக்கவும். நாகர்கோவில் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.