கௌபாய்: தன்னந்தனி வீரனா, கூலிக்கூட்டத்தில் ஒருவனா?

மேய்ச்சல்வெளி:
2010ல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் 'மேற்கின் நெறி' என்று பத்து விதிகளைச் சட்டம் போட்டே ஏற்றுக்கொண்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்று, தொடங்கியதை முடி, பேச்சைக் குறை, சில விஷயங்கள் விலைக்கு அல்ல என்பதை மறக்காதே... எல்லாமே கௌபாயை மனதில் வைத்து எழுதியவை. மீறினால் தண்டனை கிடையாது. ஆனாலும் ஒரு மாநிலம் ராணுவத் தளபதியையோ தொழிலதிபரையோ விட்டுவிட்டு, மாடு மேய்த்தவனைத் தன் அடையாளமாக நிறுத்துகிறது. யாரையும் அண்டிப் பிழைக்காதவன், தன் கையை நம்பியவன் என்பதற்காகத்தான். அந்த மரியாதை அவனுக்குத் தகும்.

கரிசல்:
'யாரையும் அண்டாதவன்' என்ற இடத்திலேயே எனக்கு மறுப்பு. டெக்சஸிலிருந்து மந்தைகளை வடக்கே ஓட்டிய காலம் 1866 முதல் 1880களின் நடுப்பகுதி வரைதான். அப்போது கௌபாய்க்கு மாதம் 25 முதல் 40 டாலர் கூலி. சேணம் அவனுடையது, ஏறிய குதிரை முதலாளியுடையது. 1883ல் டெக்சஸின் வடகோடிப் பண்ணைகளில் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பண்ணைகள் வேறு ஆட்களை வைத்துக்கொண்டதால் தோற்றுப்போனார்கள். அதே 1883ல்தான் பஃபலோ பில் கோடி என்பவர் மேற்கின் வாழ்க்கையை நடித்துக் காட்டும் தன் காட்சிக்குழுவைத் தொடங்கி, கௌபாயை மேடை நாயகனாக ஆக்கினார். கூலி கேட்டவனை ஊர் மறந்தது, வேடம் கட்டியவனைக் கொண்டாடியது.

நீங்கள் சொன்ன பத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: எந்தப் பண்ணையின் சூட்டுக்குறிக்கு, அதாவது மாட்டின் மேல் சுடும் அடையாளத்துக்கு, வேலை செய்கிறாயோ அதற்கு விசுவாசமாயிரு. இது முதலாளி விரும்பும் விதி. மேய்ந்த புல்லும் இலவசம். பூர்வகுடிகளை விரட்டி எடுத்த பொதுநிலம் அது. இன்றும் மேற்கில் கூட்டரசு நிலத்தில் ஒரு பசுவும் அதன் கன்றும் ஒரு மாதம் மேய, 2024ல் கட்டணம் வெறும் 1.35 டாலர்.

தாம்புக்கயிறு:
இருவரும் வேலையை விட்டுவிட்டு விழுமியம் பேசுகிறீர்கள். வேலையைப் பாருங்கள்.

2,500 மாடுகள் கொண்ட மந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் சமையல்காரரும் மாற்றுக்குதிரைகளைக் காக்கும் பையனும் அடக்கம். முன்னால் இருவர் தலைமாடுகளுக்குத் திசை காட்டுவார்கள். பக்கவாட்டில் சிலர். கடைசியில் வருபவர்கள் நாள் முழுக்கப் புழுதி தின்றபடி நொண்டிகளையும் சோம்பேறி மாடுகளையும் தள்ளிக்கொண்டு வருவார்கள். புதியவனுக்குக் கிடைக்கும் இடம் அதுதான். ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதினைந்து மைல், அதற்கு மேல் கூடாது. விரட்டினால் மாடு இளைக்கும். டெக்சஸில் நான்கு டாலருக்கு வாங்கிய மாடு வடக்கே நாற்பதுக்குப் போகும் கணக்கு, எலும்பு தெரிய வந்து நின்றால் தவறிவிடும்.

இரவில் இருவர் எதிரெதிர்த் திசையில் மந்தையைச் சுற்றுவார்கள், மெல்லப் பாடிக்கொண்டே. ஆள் எங்கே இருக்கிறான் என்பது குரலில் தெரிந்தால் படுத்திருக்கும் மாடு மிரளாது. சத்தமில்லாமல் போகிற குதிரை திடீரென்று ஒரு குச்சியை மிதித்தாலே போதும், மொத்த மந்தையும் எழுந்து ஓடும். மின்னல் அடித்தால் சொல்லவே வேண்டாம். அப்படி ஓடும்போது பின்னால் துரத்தக் கூடாது, வேகம்தான் கூடும். பக்கவாட்டில் முன்னேறி, தலைமாடுகளை ஒரு பக்கமாக, பெரும்பாலும் வலப்புறமாக, நெருக்கி வளைக்க வேண்டும். தலை வாலைத் தொட்டு மந்தை வட்டமாகச் சுழலும். சுழல விட்டுவிட்டுச் சும்மா இருந்தாலும் கெட்டது: வட்டம் இறுகி நடுவில் இருப்பவை நசுங்கும். இதை ஒற்றை ஆள் செய்ய முடியாது.

கயிறு வீசுவதும் அப்படித்தான். கண்ணி மாட்டின் மேல் விழுந்ததும் கயிற்றைச் சேணக்கொம்பில் (சேணத்தின் முன்பக்கம் நீட்டி நிற்கும் குமிழில்) சுற்றும்போது கட்டைவிரல் மேல்நோக்கி நிற்க வேண்டும். கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவே மாட்டினால் விரல் துண்டாகும். டெக்சஸ்காரர்கள் முனையை முதலிலேயே கொம்பில் கட்டிவிடுவார்கள். விரல் பிழைக்கும், ஆனால் முரட்டுக் காளை பக்கவாட்டில் பாய்ந்தால் குதிரையோடு சேர்ந்து விழ வேண்டியதுதான். இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர்கள் மெக்சிகோவின் வக்கேரோக்கள், அதாவது அங்கே குதிரையேறி மாடு மேய்த்தவர்கள். 'லாசோ', 'ராஞ்ச்', 'ரோடியோ' எல்லாம் ஸ்பானியச் சொற்கள். கௌபாய்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர். தனியாக நிற்கும் வெள்ளைக்காரன் என்ற படம் அந்த வேலைக்களத்தில் எங்கும் இல்லை.

மேய்ச்சல்வெளி:
தனியாள் என்றது என் பிழை, ஏற்கிறேன். மரியாதையை மட்டும் விடமாட்டேன். நடுஇரவில் இரண்டு மணி நேரக் காவலில் கண்ணயராமல் சுற்றியவன், தூங்கும் மற்றவர்களின் உயிரைக் காத்தான். டெக்சஸ் பண்ணைக்காரர் சார்ல்ஸ் குட்நைட்டிடம் வேலை பார்த்த கறுப்பினக் கௌபாய் போஸ் ஐக்கர்ட் 1929ல் இறந்தபோது, குட்நைட் கல் நாட்டிப் பொறித்தது என்ன? கடமையைத் தட்டிக்கழித்ததில்லை, மிரண்டோடிய மந்தைகளில் தன்னோடு சேர்ந்து குதிரை ஓட்டினார், நடத்தை சிறப்பு. பண்ணை முதலாளி தன் ஆளுக்கு எழுதியது அது. அடிமையாகப் பிறந்தவர் ஐக்கர்ட்.

கரிசல்:
அதே கல்லில் 'கட்டளையை மீறியதில்லை' என்றும் இருக்கிறது. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஒருவருக்கு முதலாளி தேர்ந்தெடுத்த பாராட்டு அது. ஐக்கர்ட் தன்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பதைக் கல் சொல்லாது.

தாம்புக்கயிறு:
'தன்னோடு சேர்ந்து' என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்தான் எனக்கு முக்கியம், மேய்ச்சல்வெளி. அந்த இருட்டில் மந்தையை வளைக்க ஐக்கர்ட் இல்லாமல் குட்நைட்டால் முடிந்திருக்காது.