நோய் தணிந்த பிறகு ஒரு பொறுப்பு: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: மண்டபம் வாசகர்

இருமுனை மனநோய்க்கு நெடுங்காலம் சிகிச்சை பெற்று, லித்தியம் மாத்திரையின் துணையோடு இப்போது நிலையாக இருக்கிறேன். முன்பு ஓர் இறால் நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். நோய் முற்றியபோது அந்த வேலை போயிற்று. வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால், "சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா" என்பதைத் தவிர என்னிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. சம்பளம் இல்லாவிட்டாலும் பிறருக்குப் பயன்படும் பொறுப்பு ஒன்றை ஏற்க விரும்புகிறேன். தனுஷ்கோடிக் கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் பணியில் சேரலாமா, ஏர்வாடி தர்காவுக்கு வரும் மனநோயாளிகளுக்கு உதவலாமா? என் நோயை அங்கே முதலிலேயே சொல்ல வேண்டுமா?

பதில் 1: மனநலச் சமூகப் பணியாளர், இராமநாதபுரம்

ஐயா, உங்கள் விருப்பம் நியாயமானது. நேரத்தை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பங்குனி ஆமைகள் ஆண்டின் முதல் சில மாதங்களில் பெரும்பாலும் இரவில் கரையேறி முட்டையிடுவதால், முட்டை தேடுவோர் நள்ளிரவிலும் விடியலுக்கு முன்பும் கரையில் நடக்க வேண்டியிருக்கும். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே மனவெழுச்சி (அளவுமீறிய உற்சாக நிலை) திரும்புவதற்கு ஒரு முக்கியமான தூண்டுதல். முட்டைகள் பொரிய ஏறத்தாழ 45 முதல் 60 நாட்கள் ஆகும். அதுவரை பொரிப்பகத்தைக் காப்பதிலும் பதிவேடு எழுதுவதிலும் பகல் வேலை இருக்குமா என்று வனத்துறையினரிடம் கேளுங்கள்.

வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு கூடும். தண்ணீர் குடிப்பதை விட்டுவிடாதீர்கள். கை நடுக்கம் அதிகமானாலோ, வாந்தியோ தள்ளாட்டமோ வந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். உடல்வலிக்கு ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடுவதும் ஆபத்தானது.

பதில் 2: கீழக்கரையிலிருந்து

நான் மனச்சிதைவு நோயிலிருந்து மீண்டவன். எங்கள் பகுதி நூலகத்தில், மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரணம் தொடர்பான மனுக்களோடு மீனவர் வீட்டுப் பெண்கள் வருவார்கள். என் கையெழுத்துக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதே என்னைக் காலையில் எழுப்பிவிடுகிறது.

அண்ணே, உங்களுக்குக் கணக்கு தெரியும். மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு வரவுசெலவு எழுத ஆள் தேவைப்படலாம். புதிதாக ஒன்றைக் கற்றுத் தொடங்குவதைவிட, நோய்க்கு முன்பே உங்களிடம் இருந்த திறமையை மீண்டும் கையில் எடுப்பது நல்லது என்பது என் எண்ணம். வாரத்தில் இரண்டு காலைப்பொழுதுகளே போதும். நோயை எல்லாரிடமும் சொல்லத் தேவையில்லை. நீங்கள் வராத நாளில் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.

பதில் 3: ஏர்வாடி அருகில் வசிப்பவர்

2001 ஆகஸ்ட் 6 அன்று இங்கே ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. நோயோடு வாழ்ந்து மீண்ட ஒருவர் அருகில் அமர்ந்து பேசினால், இங்கு வரும் குடும்பங்களுக்கு அது எத்தனை பெரிய நம்பிக்கை என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த ஆசையைக் கைவிடாதீர்கள். ஆயினும் பிறர் வேதனையை நாள் முழுதும் கேட்பது கடினமான பணி. கணக்கு வேலையில் சில மாதங்கள் ஊன்றி நின்ற பிறகு, உங்கள் மருத்துவரிடம் கலந்து பேசி, தனியாக வராமல் மனநலக் குழுவினரோடு வாருங்கள். இடையில் மனம் தடுமாறினால் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி மையத்தின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.