பவளத் தொட்டியில கால்சியம் எவ்ளோ ஊத்தினாலும் 350 பிபிஎம்-ஐ தாண்ட மாட்டேங்குது, காலைல பிஹெச் 7.7, உதவி பண்ணுங்க

டார்ச்_தோட்டம்:
வணக்கம். சிங்கப்பூர்ல ஹெச்டிபி வீடு, பெட்ரூம்ல 2 அடி ரீஃப் டேங்க் (உப்புத் தண்ணியில பவளம் வளக்குற தொட்டி), கீழ இருக்குற சம்ப் தொட்டியோட சேத்து 140 லிட்டர் தண்ணி, 8 மாசம் ஆச்சு. டார்ச், ஹேமர், ஒரு மோன்டிபோரானு மூணு வகை பவளம் இருக்கு. தண்ணிய குளிர வைக்குற சில்லர் இல்ல, ஃபேன் மட்டும்தான், அதனால தினம் ரெண்டரை லிட்டர் ஆவியாகுது, ஆர்ஓ தண்ணி ஊத்துறேன்.

மூணு வாரமா கால்சியம் 350, மெக்னீசியம் 1080, கேஹெச் (தண்ணியில கார்பனேட் அளவு) 7. தினம் கால்சியம் டோஸ் பண்ணியும் ஏறவே இல்ல. காலைல பிஹெச் 7.7 காட்டுதேன்னு பயந்து, கடையில சொன்ன, பிஹெச் ஏத்துற பஃபர் பவுடர போட்டேன், தண்ணி பால் மாதிரி ஆயிடுச்சு, கேஹெச் 11 போய் ரெண்டே நாள்ல திரும்ப 7-க்கு வந்துடுச்சு. நேத்து சம்ப்ல இருந்து தண்ணிய மேல அனுப்புற ரிட்டர்ன் பம்ப் நின்னே போச்சு, கழட்டிப் பாத்தா உள்ள சுழலுற இம்பெல்லர சுத்தி வெள்ளையா கெட்டியா படிஞ்சிருக்கு, நகத்தால சுரண்டினாலும் வரல. டார்ச் சுருங்கிப் போய் எலும்பு தெரியுது, பாக்கவே மனசு கேக்கல. ப்ளீஸ் யாராவது சொல்லுங்க.

ரீஃப்_ஈசூன்:
ப்ரோ கால்சியம் டோஸ டபுள் பண்ணிப் பாருங்க, என் டேங்க்லயும் இப்படித்தான் இருந்துச்சு.

பவளம்72:
தம்பி, டபுள் பண்ணிடாத, கொஞ்சம் பொறு. பம்ப்ல படிஞ்சதுதான் நீ ஊத்தின கால்சியம். பஃபர் போட்டதும் கார்பனேட் சட்டுனு கூடி கால்சியத்தோட சேந்து சுண்ணாம்புக் கல்லா இறங்கிடுச்சு, சூடான இடத்துலதான் அது மொதல்ல படியும், அதான் பம்ப். வினிகர்ல ஒரு மணி நேரம் ஊறப் போடு, நுரைச்சு வரும், பிரஷ் போட்டா போயிடும்.

இப்ப உன் நம்பர பாரு. கடல் தண்ணியில கால்சியம் 420 கிட்ட, மெக்னீசியம் 1290 கிட்ட இருக்கும். உன்னோடது ரெண்டுமே ஆறுல ஒரு பங்கு கம்மி, ரெண்டும் சொல்லி வச்ச மாதிரி ஒரே அளவுல குறைஞ்சா எனக்கு மொத சந்தேகம் உப்பு மேலதான். உப்பு எதுல பாக்குற? முள்ளு ஆடுற ஹைட்ரோமீட்டரா?

டார்ச்_தோட்டம்:
ஆமாண்ணே அதேதான், 1.025 காட்டுது, கடல் தண்ணி அளவுதானே.

பவளம்72:
அந்த முள்ளுல குட்டிக் குட்டியா காத்துக் குமிழி ஒட்டினாலே மேல தூக்கிடும், உப்பு ஜாஸ்தின்னு பொய் சொல்லும். யார்கிட்டயாவது உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு, கடல் தண்ணி மாதிரி) சொல்யூஷன்ல செட் பண்ணிட்டுப் பாரு, வெறும் தண்ணியில செட் பண்றத மட்டும் நம்பாத.

பிஹெச் வேற கதை. ராத்திரி ஏசி போட்டு கதவ சாத்திட்டு எத்தன பேர் படுக்கறீங்க? மூச்சு விடுற கார்பன் டை ஆக்ஸைடு எல்லாம் தண்ணியிலதான் கரையும். ஒரு கப் டேங்க் தண்ணிய வெளிய காரிடார்ல வச்சு ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்) ஒரு மணி நேரம் ஓட விட்டு பிஹெச் பாரு, ஏறுச்சுன்னா குத்தம் ரூம் காத்துலதான், அதுக்கு எந்த பவுடரும் மருந்து இல்ல.

டார்ச்_தோட்டம்:
அண்ணே நீங்க சொன்னதுதான்! உப்பு 29 பிபிடி தான் இருக்கு. கப் தண்ணி 7.75-ல இருந்து 8.15 போச்சு. நாங்க மூணு பேர் படுக்குறோம். இப்ப உப்ப ஒரே நாள்ல ஏத்திடலாமா?

பவளம்72:
வேண்டாம், பவளம் தாங்காது. ஆவியாகுற ரெண்டரை லிட்டருக்கு ஆர்ஓ பதிலா 35 பிபிடி உப்புத் தண்ணி ஊத்து, ஒரு நாளைக்கு அரை பிபிடிக்கு மேல கொஞ்சம் ஏறும், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் கால்சியம், பஃபர் ரெண்டையும் நிறுத்து. ஸ்கிம்மர் (நுரையில அழுக்க பிரிக்குற மிஷின்) காத்து இழுக்குற டியூப்ப நீட்டி ஜன்னலுக்கு வெளிய விடு.

மீன்குஞ்சு:
நடுவுல ஒரு சந்தேகம், டேங்க்ல கால்சியம் ஏத்த ஊத்துற கால்க்வாஸர்னு சொல்றதும் சுண்ணாம்புதானே, தேக்கா மார்க்கெட்ல வெத்தலைக்கு விக்கிற சுண்ணாம்ப கரைச்சு ஊத்தலாமா?

பவளம்72:
பொருள் ஒண்ணுதாம்மா, கால்சியம் ஹைட்ராக்ஸைடு, ஆனா அதுல வேற என்ன கலந்திருக்குன்னு தெரியாது, டேங்க்ல ஊத்தாத. தூளா சுத்தமானத வாங்கு. லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல கரையாது, பிஹெச் 12-க்கு மேல இருக்கும், மொத்தமா ஊத்தினா மீன் செத்துடும், ராத்திரி சொட்டு சொட்டாதான் விடணும்.

டார்ச்_தோட்டம்:
12 நாள் கழிச்சு வரேன். உப்பு 35, கால்சியம் 415, மெக்னீசியம் 1290, கேஹெச் 7.9, காலைல பிஹெச் 8.0. டியூப் ஜன்னலுக்குப் போன ரெண்டாவது நாளே பிஹெச் ஏறிடுச்சு. டார்ச் இன்னிக்குத்தான் பழைய மாதிரி நீளமா விரல் விட்டு ஆடுது, அதோட தலைகள்ல ஒண்ணு மட்டும் செத்துப் போயிடுச்சு. இனிமே ஆர்ஓ தண்ணியில கால்க்வாஸர் தூள் போட்டு ஊத்தலாமா அண்ணே?

பவளம்72:
ஊத்தலாம், லிட்டருக்கு அரை கிராம்ல ஆரம்பி. தினம் ஒரே நேரத்துல கேஹெச் மட்டும் பாரு, எறங்குனா அளவ கூட்டு, ஏறுனா குறை. செத்த தலைய வெட்டி எடுத்துடு தம்பி, பக்கத்துத் தலைக்குப் பரவும்.